ஷம்ஷாத் அக்கா படிப்பை விடவில்லை

அந்தத் திங்கட்கிழமை காலை என் போன் மூன்று முறை அடித்தது. முதல் இரண்டு முறையும் எடுத்து, "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு, எதிர்ப்பக்கம் பேச்சே இல்லாததால் துண்டித்துவிட்டேன். பள்ளியில் பிரேயர் முடிந்து குழந்தைகள் வரிசையாக உள்ளே வரும் நேரம் அது. ஒரு கையில் யாரோ ஒரு குழந்தையின் தண்ணீர் பாட்டில், மறு கையில் போன். ஷம்ஷாத் அக்காவின் எண் என்று பார்த்தேன். வேலைக்கு வராததும் இல்லாமல் போனைத் தட்டிவிட்டு விளையாடுகிறாரே என்று எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்றாவது முறை அந்தப் பக்கத்தில் மூச்சு வாங்குவது கேட்டது. அவருடைய மகள் நஸ்ரீன். சொல் வராமல் திக்கிக்கொண்டிருந்தாள். முதலில் "அம்மா" என்பது வந்தது. பிறகு வெகுநேரம் கழித்து, "போயிட்டாங்க ஆன்ட்டி" என்பது வந்தது.

திக்கிப் பேசுகிறவர்களை அவசரப்படுத்தக் கூடாது, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று நம் படிப்பின் ஒன்பதாம் பாடத்தில் வருகிறது. அந்தப் பாடத்தில் நான் பத்துக்குப் பத்து வாங்கியவள்.

நம் வகுப்புக் குழுவில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மழலையர் கல்வி டிப்ளமோ என்று ஒரு வருடமாக ஆன்லைனில் சேர்ந்து படிக்கிறோம். உங்களில் ஒருவர்கூட ஷம்ஷாத் அக்காவை நேரில் பார்த்ததில்லை. நேரலை வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு, "மேடம், அந்த ரெண்டாவது பாயிண்ட் இன்னொரு தபா சொல்லுங்க" என்று கேட்கும் கரகரத்த குரல்தான் உங்களுக்கு அவர். பத்து நாள் உள்ளே வராதவர்களின் இடம் ரத்தாகும் என்பது உங்களுக்குத் தெரிந்த விதி. நேற்று பட்டியலில் அவர் பெயருக்கு நேராக 'நீக்கப்பட்டார்' என்று வந்துவிட்டது. உடனே குழுவில் ஒருவர், "ஷம்ஷாத் அம்மாவும் விட்டுட்டாங்களா? வயசாயிடுச்சு இல்ல, பாவம்" என்று எழுதினார். நான்கு பேர் அதற்குக் கை கூப்பினார்கள். அவர் விடவில்லை. இறந்துபோனார். எப்படி இருந்தார், எதற்காகப் படித்தார் என்று சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. சொன்னால் என் குட்டும் உடையும். உடையட்டும்.

நாங்கள் இருவரும் வேங்கிக்காலில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயாக்கள். பதிவில் நீங்கள் பார்த்திருக்கும் 'பள்ளிப் பணியாளர்' என்பதன் அர்த்தம் இதுதான். குழந்தைகளைக் கழிவறைக்கு அழைத்துப் போய்க் கழுவிவிடுவது, டிபன் பாக்ஸ் திறந்து கொடுப்பது, வாந்தி எடுத்தால் துடைப்பது, மிஸ்களுக்குத் தண்ணீர் பிடித்து வைப்பது. எனக்கு நாற்பத்தொரு வயது, அடி அண்ணாமலையிலிருந்து பள்ளி வேனிலேயே வந்து போகிறேன். அக்காவுக்கு ஐம்பத்து மூன்று. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கணவர் முன்பே இறந்துவிட்டார். இருவருமே பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்கள் என்பது வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் கழித்துத்தான் ஒருவருக்கொருவர் தெரிந்தது. அதைச் சொல்லிக்கொள்ளும் இடத்தில் நாங்கள் இல்லை.

எங்கள் பள்ளியில் ஆயாக்களுக்கு நாற்காலி கிடையாது. மிஸ்களின் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. உட்கார்ந்தால் பார்க்கிற பார்வையில் தெரிந்துவிடும். மூன்றரைக்கு மிஸ்கள் கிளம்பிவிடுவார்கள். வேன் இரண்டாவது நடைக்கு வர நாலேகால் ஆகும். அதுவரை மீதிக் குழந்தைகள் ஆறேழு பேரை எல்.கே.ஜி. வகுப்பில் உட்கார வைத்து வண்ணம் தீட்டக் கொடுப்போம். அந்த முக்கால் மணி நேரம்தான் எங்கள் வகுப்பு. குழந்தைகளின் சிவப்பு, நீல பிளாஸ்டிக் நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, சாக்பீஸ் டப்பாவில் அக்காவின் போனைச் சாய்த்து வைத்துப் பாடம் பார்ப்போம். அப்போது என் போனில் அந்த ஆப் இறங்கவில்லை. அதனால் இருவருடைய கணக்கையும் அக்காவின் போனிலேயே நஸ்ரீன் தொடங்கிக் கொடுத்திருந்தாள். நான் புதுப் போன் வாங்கிய பிறகு என் கணக்கைப் பக்கத்திலேயே அதில் ஓட்டுவேன். ஒரு வீடியோ நாற்பது நிமிடம். ஒரு பாடத்துக்கு எட்டு வீடியோ. ஓட்டித் தள்ளிப் பார்த்தால் கணக்கில் சேராது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கிரிவலக் கூட்டத்தில் வேன் போக முடியாது என்பதால் பௌர்ணமிக்குப் பள்ளி மதியமே விட்டுவிடும். ஊர் முழுக்க மலையைச் சுற்றக் கிளம்பும்போது நாங்கள் இருவரும் காலி வகுப்பில் கதவைச் சாத்திக்கொண்டு, அன்றைக்கு மட்டும் கூடுதலாக நெட் போட்டு, வரிசையாக மூன்று வீடியோ பார்ப்போம். எனக்கும் வீட்டுக்குப் போக வண்டி கிடைக்காது. அக்காவுக்குப் பௌர்ணமி என்றால் அவ்வளவு சந்தோஷம். "உங்க சாமி புண்ணியத்துல இன்னைக்கு ஜாஸ்தி ஓடிச்சு" என்பார்.

அவரை உத்தமி என்று எழுத எனக்கு ஆசை இல்லை. ஊர் வம்பு எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பார். குழந்தைகளின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, "இன்னா உன் அம்மா தினமும் இட்லியே வச்சு அனுப்புறா" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாக்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். மார்க் விஷயத்தில் பேராசைக்காரர். பத்துக்கு ஏழு வந்தால் முகம் சுண்டிப்போகும். மறுபடி எழுதி, மறுபடி எழுதி, பத்து வந்தால்தான் அடுத்த பாடம். இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. நான் விடை குறிக்கும்போது ஓரக்கண்ணால் பார்ப்பார். கேட்டால், "உன் பதில் தப்பான்னு பாத்தேன்" என்பார்.

எதற்காகப் படிக்கிறீர்கள் என்று நேரலை வகுப்பில் அடிக்கடி கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு என் பதில் தயாராக இருந்தது. சான்றிதழ் வாங்கினால் ஆயாம்மா என்ற பெயர் போய் மிஸ் என்று ஆகலாம். நாற்காலி கிடைக்கும். அவ்வளவுதான். அக்காவைக் கேட்டால் நாளுக்கு ஒரு பதில் வரும். "அந்த டீச்சரம்மா நாளைக்கு வேற சேலை கட்டுறாங்களான்னு பாக்கணும்" என்றார் ஒருநாள். பாடம் நடத்தும் பேராசிரியை ஐந்து வீடியோவுக்கு ஒரே சேலையில் வருவதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். "ஒரே நாள்ல அஞ்சையும் பேச வச்சிருக்காங்க கோமதி. பாரு, கடைசில தொண்டை கம்மிப்போச்சு. ஒரு வாய் தண்ணி குடுக்கக் கூடாதா" என்று அவருக்காக வருத்தப்பட்டார். இன்னொரு நாள், எவ்வளவு முடித்தோம் என்று ஆப் காட்டும் கோட்டைத் தொட்டு, "அந்தப் பச்சைக் கோடு பாதில நிக்குது பாரு, சகிக்கல. ஓட்டி முடிச்சிடணும்" என்றார். இதெல்லாம் ஒரு காரணமா என்று நான் சிரித்தேன்.

உண்மையான காரணம் ஒன்பதாம் பாடத்தில்தான் தெரிந்தது. நஸ்ரீனுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கும். ஒரு வார்த்தையில் அவள் மாட்டிக்கொண்டால் அக்கா வாய்மேலேயே அடிப்பாராம். அடித்தால் சரியாகும் என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறார். இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள், தேவைக்கு மேல் வாய் திறப்பதில்லை. அன்று பேராசிரியை, அடிப்பதும் அவசரப்படுத்துவதும் திக்கலை எப்படி அதிகமாக்கும் என்று விளக்கிக்கொண்டே போனார். அக்கா முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டார். வீடியோ முடிந்ததும், "இதை அப்பவே யாராவது சொல்லியிருந்தா" என்றார். பிறகு அதே வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். அது கணக்கில் சேராது என்று சொன்னேன். "தெரியும்" என்றார்.

மறுநாள் வந்து சொன்னார். வீட்டுக்குப் போய் மகளிடம் மன்னிப்புக் கேட்டாராம். நஸ்ரீன், "இப்ப எதுக்கும்மா" என்றாளாம். "அவ கேட்டது சரிதான். இப்ப எதுக்கு? ஆனா ஒவ்வொரு பாடத்துலயும் நான் பண்ண தப்பு ஒண்ணு வருது கோமதி. அது இன்னான்னு தெரியாமலே போய்ச் சேர எனக்கு இஷ்டமில்ல" என்றார். வேலைக்காகப் படிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தான் கெடுத்ததை ஒன்றொன்றாகத் தெரிந்துகொள்ளவே தினமும் அந்தக் குட்டி நாற்காலியில் வந்து உட்காருகிற ஒருவரை அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் கொஞ்சம் பயம்கூட வந்தது.

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம் நாங்கள் பதினான்காம் பாடத்தை முடித்தோம். முப்பது பாடத்தில் பாதியை நெருங்கிய சந்தோஷத்தில் தாளாளர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கணக்குப் பேப்பரிலிருந்து தலை நிமிர்ந்து, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"நல்ல விஷயம்தான் கோமதி. ஆனா அத வச்சு உன்ன மிஸ்ஸா போடுவேன்னு நெனச்சுக்காத. பேரண்ட்ஸ் எல்லாம் உன்ன பாத்ரூம்கிட்ட பாத்தவங்க. ஒத்துக்க மாட்டாங்க."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அன்று எத்தனை குழந்தைகளைக் கழுவிவிட்டேன் என்று தெரியாது. மூன்றரைக்கு அக்கா நாற்காலிகளை இழுத்துப் போட்டு, பதினைந்தாம் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார். நான் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். இனிமேல் வரமாட்டேன் என்றேன்.

"அவங்க போடலன்னா வேற ஸ்கூல்ல போடுவாங்க. உக்காரு" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "உங்களுக்கு இன்னாக்கா, அம்பத்திமூணு வயசு. இதுக்கு மேல யாரு உங்கள மிஸ்ஸுனு கூப்பிடப் போறாங்க? பொழுதுபோகாம பாக்குறீங்க. நானும் உங்க கூட சேந்து பைத்தியக்காரியா ஆகணுமா?"

வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். ஷம்ஷாத் அக்கா வீடியோவை நிறுத்தினார். "நெசம்தான்" என்றார். பக்கத்தில் ஒரு குழந்தையின் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. குனிந்து அதைக் கட்டிவிட்டார்.

அன்று என் போனிலிருந்து வகுப்புக் குழுவை ஓசையில்லாமல் ஆக்கினேன். புதுப் போனில் இறக்கி வைத்திருந்த ஆப்பையும் எடுத்துவிட்டேன். மறுநாளிலிருந்து மூன்றரை ஆனால் பின்பக்கம் தண்ணீர் டிரம் கழுவப் போய்விடுவேன். தினமும் கழுவ வேண்டிய டிரம் இல்லை அது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அக்கா அதே இடத்தில், அதே குட்டி நாற்காலியில், சாக்பீஸ் டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். பக்கத்து நாற்காலியில் அவருடைய பை இருக்கும். மற்ற நேரங்களில் எப்போதும்போலப் பேசினோம், சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். படிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான்கு மாதத்துக்கும் மேல் இப்படியே போனது. என் இடம் என்றோ ரத்தாகியிருக்கும் என்று நினைத்து நிம்மதியாகவே இருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவர் நெஞ்சு எரிகிறது என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று நஸ்ரீன் சொன்னாள். நான் தாளாளர் அம்மாவிடம் ஓடினேன்.

"ஐயோ பாவமே" என்றார் அவர். உண்மையாகவே கண் கலங்கியது. "ஆனா ரெண்டு ஆயாவும் இல்லன்னா இத்தன பசங்கள யாரு பாக்குறது? மூணரைக்குக் கெளம்பிக்கோ கோமதி."

நான் கிளம்பவில்லை. அதை எழுதும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது. கேட்டைத் திறந்துகொண்டு போயிருந்தால் யார் என்ன செய்திருப்பார்கள்? வேலை போகும் என்ற பயம். அக்காவின் பங்குக் குழந்தைகளையும் சேர்த்துக் கழுவிவிட்டுக்கொண்டு நின்றேன். "பெரிய ஆயாம்மா ஏன் வரல?" என்று ஒரு குழந்தை கேட்டதற்கு, நாளைக்கு வருவாங்க என்று பொய் சொன்னேன். நான் அந்தச் சந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலரை மணி. உடலைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போய்த் திரும்பியும் வந்துவிட்டார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது.

நஸ்ரீன் என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போய் அவருடைய போனைக் கொடுத்தாள். அவள் சொன்னது துண்டு துண்டாகத்தான் வந்தது. இந்த முறை நான் அவசரப்படவில்லை.

"உங்க பாடம் ஆன்ட்டி. அம்மா தினமும் ஓட்டினாங்க."

எனக்குப் புரியவில்லை. போனைத் திறந்து காட்டினாள். என் பெயர். பச்சைக் கோடு இருபத்தாறாம் பாடம்வரை ஓடியிருந்தது. ஒவ்வொரு பாடத்திலும் பத்துக்குப் பத்து. தினமும் மூன்றரைக்கு அந்த நாற்காலியில் அவர் பார்த்தது என் பாடத்தை. அவர் போனில் ஒருநாள் நெட் ஒரு வீடியோவுக்குத்தான் தாங்கும். வீட்டுக்குப் போனால் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக் கொடுக்கும் வேலை இருக்கும். அதனால் ஒருவருக்குத்தான் ஓட்ட முடிந்திருக்கிறது. தன் கணக்கை வெள்ளிக்கிழமை தோறும் திறந்து, இடம் போகாமல் இருக்க ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடியிருக்கிறார். அவருடைய கோடு பதினான்கிலேயே நின்றிருந்தது. இருபத்தாறு பாடம் முடித்தவர்களுக்குத்தான் இறுதித் தேர்வு என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு இருபத்தாறு ஆகிவிட்டது.

"நான் கேட்டேன் ஆன்ட்டி, ஏம்மா உன்னோடது ஓட்டலன்னு. கோமதி சொன்னது நெசம்தான்னாங்க. எனக்கு வயசு போயிடுச்சு, அவளுக்கு இன்னும் இருபது வருஷம் கீது, கோவம் தீந்து ஒருநாள் வருவா, வரும்போது எடம் இல்லன்னா அப்படியே உட்டுடுவான்னாங்க. போன வெள்ளிக்கிழமைதான் உங்களுக்கு முடிஞ்சுது. திங்கட்கிழமைலேர்ந்து என்னோடது ஓட்டுவேன்னு சொன்னாங்க."

நான் ஆத்திரத்தில் எறிந்த சொல்லை அவர் எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். யார் கேட்டது உங்களை என்று அந்தச் சமையலறையிலேயே கத்த வேண்டும்போல இருந்தது. இன்றும் இருக்கிறது. வஞ்சம் வைத்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். என் வார்த்தையை நம்பிவிட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு பாடத்திலும் தன் தப்பைத் தேடிப் படித்த மனுஷி, தன் படிப்பையே ஒரு தப்பென்று நினைத்து ஒதுக்கி வைத்துவிட்டார். ஒதுக்க வைத்தவள் நான்.

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன். பதினைந்து முதல் இருபத்தாறு வரை எனக்கு ஒரு எழுத்து தெரியாது. ஆனால் முடித்ததாக இருக்கிறது. அடுத்தவர் பெயரில் பரீட்சை எழுதுவது தப்பு என்பது அக்காவுக்குத் தெரியாததல்ல. ஆனால் எனக்காகச் செய்ததைத் தப்பென்றே அவர் எண்ணியிருக்கமாட்டார். எனக்கு உடம்புக்கு முடியாத நாளில் என் பங்குக் குழந்தைகளையும் அவரே கழுவிவிடுவாரே, அதுபோலத்தான் இதையும் செய்திருக்கிறார். நான் நிறுவனத்துக்கு எழுதினேன். நடந்ததை மறைக்காமல் சொல்லி, அந்தப் பன்னிரண்டு பாடங்களையும் அழித்துவிடும்படி கேட்டேன். முடித்த பாடங்களை நீக்க இயலாது, உங்கள் விடாமுயற்சிக்கு வாழ்த்துகள் என்று ஒரு பதில் உடனே வந்தது. எந்த மனிதரும் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. உங்களில் யாராவது என்மேல் புகார் கொடுக்க நினைத்தால் கொடுங்கள். தடுக்கமாட்டேன்.

ஒன்பது நாள் நான் எதையும் திறக்கவில்லை. மூன்றரைக்கு அந்த வகுப்புக்குள் போகவே கால் வரவில்லை. டிரம்மையே கழுவிக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் நஸ்ரீன் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டாள். கேட்டில் நின்று, வெகுநேரம் முயன்று, "இன்னையோட ரெண்டு பேருக்கும் எடம் போயிடும் ஆன்ட்டி" என்றாள்.

இருவரும் அந்தக் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அக்காவின் கணக்கை நான் ஓட்டட்டுமா என்று கேட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். இறந்தவருக்கு இடம் பிடித்து வைத்து என்ன செய்வது? ஆனால் அவர் பெயருக்கு நேராக அந்தச் சொல் வரப்போகிறதே என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. நஸ்ரீன் யோசித்தாள். "வேணாம். அம்மா இன்னும் படிக்கிறாங்கன்னு பொய்யா ஆயிடும்" என்றாள். அவர் கணக்கை அப்படியே விட்டோம். அதனால்தான் நேற்று நீங்கள் பார்த்தது வந்தது.

பிறகு என்னுடையதைத் திறந்தேன். இருபத்தேழுக்குப் போகச் சொன்னது. போகவில்லை. நாங்கள் சேர்ந்து பார்க்காமல் விட்ட பதினைந்தாம் பாடத்துக்குத் திரும்பி, முதல் வீடியோவை ஓட்டினேன். பிரிவைக் குழந்தை எப்படி எதிர்கொள்கிறது என்ற பாடம் அது. பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. தேர்வுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. பன்னிரண்டு பாடம் என்றால் தொண்ணூற்றாறு வீடியோ. ஒரு நாளைக்கு ஆறு பார்க்க வேண்டும். என்னால் முடியாது. தேர்வுக்கு உட்காருவேனா, உட்கார்ந்து அவர் வாங்கிக் கொடுத்த இடத்தில் தோற்பேனா, எதுவும் தெரியவில்லை. தேறினாலும் மிஸ் ஆகப்போவதில்லை என்பது மட்டும் தெரியும். நம்பிக்கையாக நாலு வார்த்தை எழுதி முடிப்பதுதான் இப்படிப்பட்ட அஞ்சலிக்கு வழக்கம். என்னிடம் அது இல்லை.

ஒன்று மட்டும் இருக்கிறது. பாடங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இருபதாம் பாடத்தின் முடிவில் ஒரு படிவம் கண்ணில் பட்டது. பாதிக்கு மேல் வந்தவர்களிடம் நிறுவனம் கருத்துக் கேட்கிறதாம். அந்தப் பாடத்தை நான் எட்டவில்லை, அக்காவும் தன் கணக்கில் எட்டவில்லை. அதனால் அவர் பெயரில் அந்தப் படிவமே இல்லை. என் பெயரில் மட்டும் நிரப்பப்பட்டிருந்தது. தை மாதத்துத் தேதி. 'இந்தப் படிப்பை நீங்கள் தொடர்வதற்கு எது காரணம்?' என்ற கேள்விக்குக் கீழே வேலை, வருமானம், ஆர்வம், குடும்பம் என்று இருந்தவற்றை விட்டுவிட்டு, 'வேறு' என்பதை அவர் தொட்டிருந்தார். பக்கத்துக் கட்டத்தில், நான் சொல்வதுபோல, என் சார்பில் இப்படி எழுதியிருந்தார்:

'என் கூட ஷம்ஷாத்னு ஒரு அக்கா படிக்கிறாங்க. அவங்கள தனியா உக்கார வைக்க எனக்கு மனசு வராது.'

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒரு பதில்தான். என் பெயர் போட்டிருக்கிறது. அதை உண்மையாக்க இனி எனக்கு வழியில்லை.